பதினோரு நிமிடப் பேச்சு

போன் ஒன்று தொலைந்தால் ப்ரீஜாவுக்கு மூன்று வேலை. பூட்டவேண்டும், தேடவேண்டும், இனிக் கிடைக்காது என்று பட்டால் உள்ளே இருப்பதை எல்லாம் தன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அழித்துவிடவேண்டும். கம்பெனியின் அறுபத்தொரு போன்கள் அவள் பொறுப்பு. ஆறு வருடத்தில் பதினான்கு தொலைந்தன, பத்து திரும்பி வந்தன, நான்கை அவள் அழித்தாள். அதற்காக ஒரு நாளும் அவளுக்குச் சோறு இறங்காமல் போனதில்லை.

கோழஞ்சேரியில் பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்தது அந்த அலுவலகம். டப்ளினிலும் தோஹாவிலும் இருக்கிற பிள்ளைகள் மாதாமாதம் பணம் கட்ட, இங்கே பெரிய வீடுகளில் தனியாக இருக்கிற அப்பன் அம்மைக்கு நர்ஸ் அனுப்புவதுதான் தொழில். நர்ஸ் ஒவ்வொருத்தி கையிலும் கம்பெனி போன். எந்த வீட்டில் யாருக்கு என்ன மருந்து, யாருக்குக் காது கேட்காது, எந்த நாள் எத்தனை மணிக்குப் போகவேண்டும், பின்கதவுச் சாவி எந்தப் பூந்தொட்டிக்கு அடியில் இருக்கிறது என்பதுவரை அதில் இருக்கும். கன்னம் வைக்கப் போகிறவனுக்கு இதைவிட ஒத்தாசை யாரும் செய்ய முடியாது.

வியாழக்கிழமை காலை பத்துக்குக் கால் மணி இருக்கும்போது நர்ஸ் எல்சம்மச் சேச்சி கூப்பிட்டாள். அவள் பார்த்துக்கொள்கிற குரியன்னூர் மாத்துக்குட்டிச் சார் வீட்டு லேண்ட்லைனிலிருந்து. விடியற்காலை சார் தூக்கத்திலேயே போய்விட்டாராம். பால்காரன் தகவல் சொல்லி இவள் ஆறு மணிக்கே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். வழியில் மழை பிடித்துக்கொண்டது. புல்லாட்டு பஸ் நிறுத்தத்தில் நின்று மழைக்கோட்டு மாட்டினாள். பிறகு சாரைத் துடைத்து, சட்டை மாற்றி, தாடையைக் கட்டி, தேவாலயத்துக்குச் சொல்லியனுப்பி, எல்லாம் முடிந்து நேரத்தைப் பதிவு செய்யலாம் என்று பையில் கைவிட்டபோதுதான் போன் இல்லை.

போன் தொலைந்தால் பத்து நிமிடத்துக்குள் சொல்லவேண்டும் என்பது சட்டம். மூன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. ப்ரீஜா திட்டவில்லை. இருபது வருடம் சாவு வீடுகளில் நின்றவளை ஒரு போனுக்காகத் திட்ட அவளுக்கு வாய் வரவில்லை. பூட்டுகிறேன், கவலைப்படாதீர்கள் என்றாள்.

"பூட்டு மோளே. அழிச்சு மட்டும் போட்டுடாதே," என்றாள் எல்சம்மா. "சாரோட பேச்சு அதுலதான் இருக்கு. நேத்துப் பேசினது."

அந்தப் பேச்சு என்பது கம்பெனியில் இருந்த ஒரு வழக்கம். வாரத்தில் ஒரு நாள் நர்ஸ் தன் போனைப் பெரியவர் கையில் கொடுத்துவிட்டு அடுக்களைப் பக்கம் போய்விடுவாள். அவர் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லுவார். என்ன சொல்லுகிறார் என்று நர்ஸ் காது கொடுக்கக்கூடாது. சனிக்கிழமை எல்லா நர்சும் அலுவலகம் வருவார்கள், அலுவலகத்து வைஃபையில் பேச்செல்லாம் மேலே ஏறி வெளிநாடு போகும். அந்தச் சனிக்கிழமை ஏற்பாடு ப்ரீஜாவின் யோசனை. முன்பெல்லாம் பேசிய உடனே போய்க்கொண்டிருந்தது, மாதக் கடைசியில் போன்களில் நெட் தீர்ந்து நர்சுகள் மருந்துச் சீட்டு திறக்கமுடியாமல் நின்றார்கள். இவள் அதை மாற்றினாள். அந்த வருட ஓணத்துக்கு மேடையில் கூப்பிட்டுக் கைகூடத் தட்டினார்கள்.

நேராகக் கூப்பிட்டுப் பேசினால் என்ன என்று கேட்கலாம். நேராகப் பேசினால் சண்டை வருகிற வீடுகளும் உண்டு. மாத்துக்குட்டிச் சாரும் டப்ளினில் இருக்கிற மகன் ஷிபுவும் அப்படித்தான். வீட்டை விற்றுவிட்டு என்னோடு வாருங்கள் என்று மகன், என் மனைவியை அடக்கம் செய்த மண்ணைவிட்டு வரமாட்டேன் என்று அப்பன். இரண்டு வருடமாக எந்த அழைப்பும் முழுசாக முடிந்ததில்லை. எதையாவது சொல்ல ஆரம்பித்தால் மகன் துண்டித்துவிடுவான். கம்பெனி போனிலும் சார் பேசுவது அரை நிமிடம்தான். மருந்து சாப்பிட்டேன், மழை பெய்கிறது, அவ்வளவு. நேற்று மட்டும் எல்சம்மா துணி மடித்து, பாத்திரம் கழுவி, வாசலில் வந்து நின்றும் பேச்சு முடியவில்லை. போனை வாங்கும்போது பார்த்தாள், பதினோரு நிமிடம் என்று இருந்தது.

"ராத்திரி மகன்கிட்ட சொல்லியிருக்காரு. 'நேர்ல சொன்னா நீ கட் பண்ணுவ, அதனால அந்த சிஸ்டர் போன்ல சொல்லி வெச்சிருக்கேன், சனிக்கிழமை வரும், கேளு'ன்னு. இப்ப அந்தப் பையன் விமானத்துக்கு நிக்கிறான் மோளே. அழுதுக்கிட்டே என்கிட்ட கேட்டது அது ஒண்ணைத்தான்."

ப்ரீஜா பூட்டினாள். தொலைந்த போனின் முகத்தில் ஒரு செய்தி தோன்றும். கம்பெனி வாங்கிய மென்பொருளோடு வந்தது ஆங்கிலத்தில் இரண்டு வரி, பாங்க் நோட்டீஸ் மாதிரி வறட்டுத்தனமாக. அதை எடுத்துவிட்டு அவளே நல்ல மலையாளத்தில் எழுதிப் போட்டிருந்தாள். இது நோயாளிகளைப் பார்க்கும் ஒரு நர்சின் போன், கண்டெடுத்தவர் தயவுசெய்து இந்த எண்ணுக்குக் கூப்பிடவும், தெய்வம் உங்களுக்கு நல்லது செய்யும். கடைசி வரியை வைத்து மேலாளர் பாபிச்சன் அவளைக் கேலி செய்வதுண்டு. ஆனால் பத்து போன் திரும்பி வந்தது அந்த வரியால்தான் என்று அவளுக்கு நம்பிக்கை.

திரையில் வரைபடத்தைத் திறந்தாள். புல்லாட்டுக்குச் சற்றுத் தள்ளி, ஒரு வீடு கட்டுகிற இடத்தில் நீலப் புள்ளி அசையாமல் இருந்தது. சார்ஜ் பதினான்கு சதவீதம். அழி என்று இங்கிருந்து சொன்னால் அங்கே போன் விழித்திருந்தால்தான் கேட்கும். சார்ஜ் செத்துவிட்டால் பூட்டு பூட்டாகவே கிடக்கும். பிறகு யாராவது நிதானமாக ஒரு கடைக்குக் கொண்டுபோய்த் திறந்துகொள்ளலாம், இவளால் ஒன்றும் செய்ய முடியாது. கூப்பிட்டுப் பார்க்கவும் வழியில்லை, அந்தப் போன்களில் நெட் மட்டும்தான், அழைப்பு கிடையாது.

பேச்சை மட்டும் எப்படியாவது இழுத்துக்கொள்ளலாமா என்று மென்பொருள் செய்து கொடுத்த கொச்சிக்காரர்களைக் கேட்டாள். அங்கிருந்த பையன் பணிவாகத்தான் சொன்னான். மேடம், நீங்கள்தானே அலுவலக வைஃபையில் மட்டும் ஏறவேண்டும் என்று எழுதிக் கொடுத்தீர்கள். போன் அங்கே வந்து, நர்ஸ் திறந்தால்தான் ஏறும்.

பத்தரைக்குப் பாபிச்சன் மாடியேறி வந்தார். விஷயத்தைக் கேட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கெட்ட மனிதர் இல்லை. அவருடைய அம்மாவும் அந்தப் பட்டியலில் ஒருத்தி.

"அழிச்சிடு," என்றார்.

ப்ரீஜா பதினோரு நிமிடத்தைப் பற்றிச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார்.

"அதுல இருபத்திமூணு வீடு இருக்கு ப்ரீஜே. சார் போயிட்டாரு. மத்த இருபத்திரெண்டு பேர் உயிரோட இருக்காங்க."

சார்ஜ் ஐந்துக்கு வரும்வரை பொறுங்கள் என்று கேட்டாள். அவர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் செய்தார். ஆளனுப்புகிறோம் என்றார்கள். அனுப்பியிருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

போனைத் தூரத்திலிருந்தே அலறவைக்க ஒரு வழி உண்டு. ப்ரீஜா அதை அழுத்தினாள். யாராவது சத்தம் கேட்டு எடுத்துச் செய்தியைப் படிப்பார்கள் என்பது கணக்கு. ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு புள்ளி நகர ஆரம்பித்தது, அதுவும் வேகமாக. கட்டட வேலை நடக்கிற இடத்தைவிட்டு ரோட்டுக்கு வந்து, சாயாக்கடையைத் தாண்டி, பஸ் நிறுத்தத்தைத் தாண்டி, எங்கும் நிற்காமல் போனது. அங்கெல்லாம் ஆட்கள் இருப்பார்கள். நல்ல எண்ணம் உள்ளவன் யாரிடமாவது காட்டியிருக்கமாட்டானா என்று பாபிச்சன் கேட்டார். அவளும் அதையேதான் நினைத்தாள்.

புள்ளி குரியன்னூர்ப் பக்கம் இறங்குகிற சின்ன ரோட்டில் திரும்பியது. அந்த ரோட்டில் கம்பெனியின் வீடுகள் மூன்று. ஒன்றைக் கடந்தது. சார்ஜ் ஏழு. இரண்டாவது வீட்டு வாசலில் நின்றுவிட்டது.

அது குஞ்ஞேலியம்மாவின் வீடு. எண்பத்தாறு வயது, தனி ஆள், தபால் அலுவலகத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவள். பின்கதவுச் சாவி துளசித் தொட்டிக்கு அடியில். ப்ரீஜா லேண்ட்லைனுக்கு அடித்தாள். நாலாவது மணியில் எடுத்தாள் குஞ்ஞேலியம்மா.

"அம்மச்சி, ஜன்னல் வழியாப் பாருங்க. கேட்ல யாராவது நிக்கிறாங்களா?"

"அதைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன். ஒரு பெங்காளி நிக்கிறான்."

வடக்கேயிருந்து வேலைக்கு வந்தவன் எவனாக இருந்தாலும் அந்த ஊரில் அவன் பெங்காளிதான். பீகார்க்காரனும் பெங்காளி, அஸ்ஸாம்காரனும் பெங்காளி.

"கையில என்ன வெச்சிருக்கான்?"

"என்னமோ பிளாஸ்டிக் கவர்ல. போன் மாதிரி இருக்கு. என்னைப் பார்த்து ஆட்டிக் காட்டுறான். சிஸ்டர், சிஸ்டர்னு என்னமோ சொல்றான். முப்பது வருஷம் தபாலாபீஸ்ல இருந்தவ நான், ஆளைப் பார்த்தா எனக்குத் தெரியாதா மோளே? நான் திறக்கலை."

"திறக்காதீங்க அம்மச்சி. எல்லாத் தாழ்ப்பாளும் போட்டுட்டு உள்ள இருங்க."

சிஸ்டர் என்கிற சொல் அவள் காதில் தெளிவாக விழுந்தது. இதை அவள் பிறகு எவ்வளவோ தடவை நினைத்துப் பார்த்தாள். விழவில்லை என்று சொல்ல முடியாது. விழுந்தது, ஒரு நொடி நின்றது. சிஸ்டர் பெயரைச் சொல்லிக் கதவைத் திறக்கவைக்கப் பார்க்கிறான், அப்படியானால் பூட்டுவதற்கு முன்பே உள்ளே இருப்பதைப் படித்துவிட்டான் என்று அந்த நொடியில் அவளே அதற்கு ஒரு அர்த்தம் கொடுத்துக்கொண்டாள். பாபிச்சனுக்கு மறுமுனைப் பேச்சு கேட்காது. என்ன என்று கண்ணால் கேட்டார்.

"பெங்காளி ஒருத்தன். கையில போன்," என்றாள்.

அழுத்தினாள். நிச்சயமாகவா என்று திரை கேட்டது. ஆமாம் என்றாள். திரும்ப வராது, நிச்சயமாகவா என்று இன்னொரு தடவை கேட்டது. அதற்கும் ஆமாம் என்றாள். சார்ஜ் ஆறு இருந்தது. அவள் கேட்டு வாங்கிய ஐந்துகூட ஆகவில்லை.

பாபிச்சன் பைக்கை எடுத்துக்கொண்டு போனார். அரைமணி நேரம் கழித்துத் திரும்பியபோது பின்னால் ஒருவன் உட்கார்ந்திருந்தான். முப்பது வயது இருக்கும், முழங்கால்வரை சிமெண்ட், தலையெல்லாம் மழைத் தண்ணீர். ஓடவில்லையாம். பாபிச்சன் போய்ச் சேரும்வரை அதே கேட்டில் அப்படியே நின்றுகொண்டிருந்தானாம். ரொட்டிக் கவரில் இரண்டு சுற்றுச் சுற்றிய போனை அவன் ப்ரீஜாவின் மேசைமேல் மெதுவாக வைத்தான்.

பெயர் பிஸ்வம்பர். ஊர் ஒடிஷாவில் கந்தமால். நாலு வருடமாக இங்கே கொத்து வேலை. பாதி மலையாளம், பாதி ஹிந்தி கலந்து அவன் சொன்னது இதுதான். காலையில் பஸ் நிறுத்தத்து பெஞ்சியில் போன் கிடந்தது. திரையில் ஏதோ எழுத்து வந்தது, அவனுக்கு அந்த எழுத்து தெரியாது. போன மாதம் குஞ்ஞேலியம்மா வீட்டுக்குப் பக்கத்தில் மதில் கட்டும்போது இதே மாதிரி நீல உறை போட்ட போனோடு ஒரு சிஸ்டர் ஸ்கூட்டரில் வருவதைப் பார்த்திருக்கிறான். வேலை முடிந்து சாயங்காலம் கொடுக்கலாம் என்று இருந்தான். திடீரென்று போன் அலறியதும் சிஸ்டர் தவிக்கிறாள் போலிருக்கிறது என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு அப்போதே ஓடியிருக்கிறான்.

சாயாக்கடையில் யாரிடமாவது காட்டியிருக்கலாமே என்று கேட்டார் பாபிச்சன்.

"கடையில காட்டினா எங்க திருடினேன்னு கேப்பாங்க சார்," என்றான்.

அதைக் குறையாகக்கூட அவன் சொல்லவில்லை. மழை பெய்தால் நனையும் என்பதுபோல் சொன்னான்.

ப்ரீஜா போனைச் சார்ஜில் போட்டாள். கடையில் வாங்கிய அன்று இருந்தமாதிரி அது வெள்ளையாக விழித்தது. வணக்கம் சொல்லி, உங்கள் மொழி எது என்று ஒரு பட்டியலைக் காட்டியது. பிஸ்வம்பர் எட்டிப் பார்த்தான். பட்டியலில் தன் மொழி இருப்பதைக் கண்டு, இதோ இது என்று சிரித்தபடி விரலால் தொட்டுக் காட்டினான். ப்ரீஜாவுக்கு அங்கே நிற்க முடியவில்லை. குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

திரும்பி வந்தபோது அவன் சாயாவைக் குடித்துவிட்டுக் கிளம்பத் தயாராக இருந்தான். அரைநாள் கூலி போய்விட்டதே என்று பாபிச்சன் கொடுத்ததை வாங்கவில்லை. படியிறங்கும்போது மட்டும் கேட்டான்.

"சிஸ்டருக்குத் திட்டு விழாதே மேடம்?"

விழாது என்றாள் ப்ரீஜா.

அன்று மாலை அவள் பாபிச்சனிடம் எல்லாவற்றையும் சொன்னாள், சிஸ்டர் என்கிற சொல்லைக் கேட்டதையும் சேர்த்து. அவர் எழுந்து கதவைச் சாத்தினார். பிறகு, மகனுக்குக் கம்பெனி சார்பில் கடிதம் எழுதுவோம், சட்டப்படி செய்தோம் என்று எழுதுவோம், கேட்டில் அவன் சொன்னது மட்டும் நமக்குள் இருக்கட்டும் என்றார். அதைச் சொல்லி ஷிபுவுக்கு என்ன ஆகப்போகிறது, இன்னும் கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதானே என்றும் சொன்னார். யோசித்தால் அதுவும் நியாயம்தான்.

சார் என்ன பேசினார் என்று ஒரு சொல்லாவது உங்களுக்குக் கேட்கவில்லையா என்று எல்சம்மாவிடம் ப்ரீஜா கேட்டுப் பார்த்தாள். கேட்கக்கூடாது என்பதற்காக அடுக்களைக் குழாயைத் திறந்துவிட்டிருந்தேன் மோளே என்றாள்.

திங்கட்கிழமை அடக்கம். செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு ஷிபு அலுவலகத்துக்கு வந்தான். நாற்பது வயது, மழிக்காத முகம், அப்பாவின் நெற்றி அப்படியே. கடிதத்தைக் கையில் மடித்து வைத்திருந்தான். இதைச் செய்தது யார் என்று கேட்டான். பாபிச்சன் எழுந்தார். அதற்குள் ப்ரீஜா, நான்தான் என்றாள்.

அவன் அவளுக்கு எதிரில் உட்கார்ந்தான். குரலை உயர்த்தவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டான், அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். இருபத்திமூன்று வீடுகள், சாவிகள், சார்ஜ், நகர்ந்த புள்ளி. சனிக்கிழமை ஏற்பாடு தன்னுடையது என்பதையும் சொன்னாள்.

"எவ்வளவு நேரம் பேசியிருந்தாரு?"

"பதினோரு நிமிஷம்."

அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான். கீழே பேக்கரியில் பழம்பொரி போடுகிற வாசனை மேலே வந்துகொண்டிருந்தது. யாரோ கார் ஹாரன் அடித்தார்கள்.

"கண்டெடுத்தவன் நல்லவன்னு கடிதத்துல இருக்கு. அது உங்களுக்கு அப்புறம்தான் தெரிஞ்சுதுன்னும் இருக்கு."

பாபிச்சன் ஆமாம் என்பதுபோல் தலையசைத்தார். இங்கே வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், இந்த மனிதன் எழுந்து போய்விடுவான், விமானம் ஏறிவிடுவான். யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை.

"இல்லை," என்றாள். "அவன் கேட்ல நின்னு சிஸ்டர், சிஸ்டர்னு சொன்னான். அந்த அம்மச்சி எனக்கு போன்ல அதைச் சொன்னாங்க. கேட்டதுக்கு அப்புறம்தான் அழிச்சேன்."

"கேட்டுமா?"

"பெங்காளின்னு சொன்னது எனக்குப் போதுமா இருந்தது. இன்னும் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். நேரம் இருந்தது. நான் கேக்கலை."

பாபிச்சன் கண்ணை மூடிக்கொண்டார். ஷிபு கடிதத்தை இன்னும் ஒரு மடிப்பு மடித்தான், அது இனி மடியாது என்கிற அளவுக்கு.

"உங்களை மன்னிச்சுட்டேன்னு மட்டும் நினைச்சுக்காதீங்க," என்றான். "அது என்னால முடியாது."

அவள் தலையாட்டினாள்.

அவன் எழுந்து வாசல்வரை போனான். ப்ரீஜாவும் எழுந்தாள். கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி, திரும்பாமலே சொன்னான்.

"ரெண்டு வருஷமா அப்பா பேசப் பேச நான் பாதியிலயே கட் பண்ணியிருக்கேன். நீங்க ஒரே ஒரு தடவைதான்."

அவன் படியிறங்குகிற சத்தம் கீழே ரோட்டுச் சத்தத்தோடு கலக்கும்வரை ப்ரீஜா நின்றுகொண்டே இருந்தாள். உட்காரவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.